நீர்ப்பங்கை அறிந்த இருவர்

காலை ஒன்பதரை மணிக்கு இசபெல் மச்சாது காதில் ஒலிக்குமிழை மாட்டிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தூத்துக்குடி அலுவலகத்தின் மூன்றாம் மாடி அது. வெளியே உப்பளங்களில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசியில், குற்றாலநாதனும் இதே நொடியில் ஒலிக்குமிழை மாட்டியிருப்பான். முதலில் அவன் பக்கத்துச் சாரல் கேட்கும். குரல் அதற்குப் பின்னால்தான் வரும்.

“இன்னைக்கு யார் முறை?” என்றான்.

“நேத்து நீங்க சொன்னீங்க. இன்னைக்கு நான். பதினாலாம் பகுதி, மேட்டுத் தெருக்கள்.”

“சொல்லுங்க.”

“மேட்டுத் தெரு வால்வ எல்லாம் நாலு நிமிஷம் முந்தித் திறக்குது.”

“ஏன்?”

“தண்ணி ஏறி வர நேரம் வேணும்லா. ஆனா எங்கயாவது கல்யாண வீடு வந்துட்டுன்னா...”

“மாமியார் முழிச்சிக்கிடுவா.”

“முழிச்சி, கோவக்காரன அடக்கிட்டு...”

“அப்புறம்தான் மேடு. சரி. அடுத்த பகுதி.”

வேறு யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு தெருவில் திடீரென்று தண்ணீர் இழுப்பு கூடினால் அது கல்யாண வீடு. எல்லாத் தெருக்களையும் கண்காணித்துக் குறை சொல்லும் கணினி நிரல்பகுதி மாமியார். திறந்தால் லேசில் மூடாத எண்பத்தெட்டாம் வால்வு கோவக்காரன். பதினொரு வருடப் பழக்கத்தில் அவர்கள் இட்ட பெயர்கள் இவை.

இந்த வேலைக்கு ‘விளக்கப் பேச்சு’ என்று பெயர். ஒருவர் நிரலின் ஒரு பகுதி என்ன செய்கிறது என்று, பஸ் ஓட்டுநருக்குக்கூட விளங்கும் வார்த்தைகளில் சொல்ல வேண்டும். மற்றவர் இடையிடையே ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். குரல் மட்டும்தான் அனுமதி, முகம் பார்க்கக் கூடாது. முகம் தெரிந்தால் மனிதர்கள் புரியாமலே தலையாட்டுவார்கள் என்பது அரசு கண்டுகொண்ட பாடம். பேச்சு முழுவதும் பதிவாகும்; சொந்தக் கதைக்கு அதில் இடமில்லை.

ஒரு காலத்தில் நிரலை மனிதர்களே எழுதினார்கள். பிறகு ‘எழுதி’ வந்தது. வேண்டியதைச் சொன்னால் போதும், அந்த இயந்திரம் ஒரு மணி நேரத்தில் லட்சம் வரி நிரலைத் தந்துவிடும். இது என்ன செய்கிறது என்று கேட்டால் அழகாக விளக்கமும் சொல்லும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இசபெல் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு நாள் தெற்கு மாவட்டங்களில் மின்சாரம், தண்ணீர், ரயில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஐந்து நாள் நின்றன. நிரல் முழுவதும் கண்முன்னே திறந்து கிடந்தது. அதில் எங்கே கை வைப்பது என்று சொல்ல ஒரு மனிதர் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் புரிதல் சட்டம். பொதுமக்களுக்காக ஓடும் எந்த நிரலையும் முழுதாகப் புரிந்துகொண்ட இரண்டு பேராவது உயிரோடு இருக்க வேண்டும். அவர்கள் ‘அறிவோர்’. இரண்டில் ஒன்று குறைந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் நிரலை நிறுத்திவிட்டு, வேலையைக் கையால் செய்ய வேண்டும். பழைய மென்பொருள் அணிகளில் ‘நம்மில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் இந்த வேலை நிற்கும்?’ என்று வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வார்களாம். சட்டம் எழுதியவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே நிரலின் அறிவோர் இருவர் ஒரே வண்டியில் போகக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, இருவருக்கும் நடுவே எப்போதும் அறுபது கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று தூர விதி வைத்தார்கள்.

கடல்நீரை நன்னீராக்கும் ஆலையிலிருந்து தூத்துக்குடியின் இருநூற்றுப் பன்னிரண்டு தெருக்களுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்கும் நிரலுக்கு ‘நீர்ப்பங்கு’ என்று பெயர். அதன் அறிவோர் இசபெலும் நாதனும். ஆகவே பதினொரு வருடமாக இருவரும் சந்தித்ததில்லை. அவனுடைய ‘ம்’ மூன்று வகை என்று அவளுக்குத் தெரியும். எதைக் கேட்டால் பேச்சை மெதுவாக்குவான் என்று தெரியும். அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று தெரியாது. வேலையில் சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். மெலிந்த முகம், அடர்ந்த மீசை.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு நாள், பதிவு அணைந்தபின் இணைப்பைத் துண்டிக்காமல் அவளே கேட்டாள்.

“நாதன், மூணாவது அறிவோர் ஒருத்தர் இருந்தா, மத்த ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கலாம்னு விதியில இருக்கு.”

“படிச்சிருக்கேன்.”

“எப்ப படிச்சீங்க?”

“ஏழு வருஷம் இருக்கும்” என்றான்.

மறுநாள் காலையில் இசபெல் மூன்றாம் அறிவோர் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். அணித்தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி அதை இரண்டு தரம் படித்தார், அவளை ஒரு தரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் மின்பகிர்வு அணியிலிருந்து கோமதி வந்தாள். முப்பத்து நாலு வயது. இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. வேலையில் சேர்ந்த வேகத்தில் இரண்டு நிரல்களின் அறிவோர் தேர்வை முடித்தவள் என்று பெயர் எடுத்தவள். மூன்று மாதம் தினமும் விளக்கப் பேச்சில் மூன்றாவது குரலாக உட்கார்ந்தாள். மூன்றாம் மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும் இடத்தில் இசபெலின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கிட மாட்டீங்களே?”

“சொல்லு.”

“நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்கு இப்ப நல்லாப் புரியுது. நிரல்தான் புரியல.”

இசபெல் சிரித்துவிட்டாள். கோமதி சிரிக்கவில்லை.

“உங்ககிட்ட ஒரு எடத்துல ஏன்னு கேட்டா நாதன் அண்ணன் சொன்னதச் சொல்லுதீங்க. அவர்கிட்ட போயி அதையே கேட்டா நீங்க சொன்னதச் சொல்லுதாரு. மொதல்ல யாருக்குத் தெரிஞ்சுதுன்னு தேடித் தேடிப் பாக்கேன், ஆளே கிடைக்கல. நான் இத எழுதிக் குடுக்கணும்க்கா. சந்தேகம் வந்த நாள்லயே எழுதணும்.”

அணியின் வேலைநெறிகளில் முதல் நெறி, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. இரண்டாவது, சந்தேகத்தை ஒரு நாளுக்கு மேல் மடியில் கட்டி வைக்காமலிருப்பது. ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்ல இசபெலுக்கு வாய்வரை வந்தது. ஒரு வாரத்தில் கோமதியை எப்படியாவது தேற்றித் தேர்வில் உட்கார வைத்துவிடலாம். அதன்பின் தென்காசி பஸ்ஸில் ஏறிவிடலாம்.

“எழுது” என்றாள்.

அன்று பிற்பகல் முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. கோபம் வரவில்லை, கோமதி சொன்னது மெய்யாக இருக்குமா என்ற ஆவல்தான் எறும்பு மாதிரி ஊர்ந்தது. முப்பத்தோராம் பகுதியைத் திரையில் விரித்து, காலி அறைக்குத் தானே விளக்கம் சொல்லிப் பார்த்தாள். தடையில்லாமல் வந்தது. திடீரென்று கவனித்தாள்: இடையிடையே ‘ஏன்’ என்று அவளுக்குள் கேட்டது நாதனின் குரல். அவன் வழக்கமாக எங்கே கேட்பானோ அங்கேதான் கேட்டது. அவன் ஒருபோதும் கேட்காத இடத்தில் தானாக ஒரு ‘ஏன்’ போட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை.

பத்தாம் நாள் கேட்பாளர் வந்தார். அறிவோரின் புரிதலைச் சோதிக்கும் அரசு அலுவலருக்கு அதுதான் பதவிப் பெயர். காயல்பட்டினத்துக்காரர், பல்கீஸ் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் தவிர எதுவும் கொண்டுவரவில்லை. அதே மணிக்குத் தென்காசியில் வேறொரு கேட்பாளர் நாதனின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோதனை முடியும்வரை இசபெலும் நாதனும் பேசிக்கொள்ளத் தடை.

முதல் இரண்டு மணி நேரம் இசபெல் நன்றாகவே சொன்னாள். அழுத்தம், நேரம், மேடு, பள்ளம் எதிலும் தட்டவில்லை. பல்கீஸ் தண்ணீர் குடித்துவிட்டு நோட்டில் பக்கத்தைப் புரட்டினார்.

“ஒரு தெருவுக்கு நேத்துத் தண்ணி குறைஞ்சா, இன்னைக்கு உங்க நிரல் கூடக் குடுக்குது. ஆனா மூணு நாளைக்கு முந்தின குறைய அது மறந்துருது. ஏன் மறக்கணும்?”

இசபெலுக்கு அதற்கான வாக்கியம் தெரியும். ‘பழைய பசிக்கு இன்னைக்குச் சோறு போட முடியாது.’ நாதன் நூறு தரமாவது சொல்லியிருப்பான். அதைச் சொன்னால் இந்த அம்மாள் திருப்தியாகக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தென்காசியில் நாதனும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டு விடைத்தாளும் ஒத்துப்போகும்.

அந்த வாக்கியத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க முயன்றாள். ஒன்றுமில்லை. ஒரு தெரு பத்து நாள் காய்ந்து கிடந்தால் பத்து நாள் தண்ணீரையும் கொடுப்பதுதானே நியாயம்?

“அதுக்கு ஒரு வாக்கியம் வச்சிருக்கேன் மேடம்” என்றாள். “எனக்கு மனப்பாடம். ஆனா ஏன்னு எனக்குத் தெரியாது.”

பல்கீஸ் பென்சிலைக் கீழே வைத்தார். “இத சொல்லாம வாக்கியத்தச் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்மா.”

“தெரியும் மேடம்.”

இரண்டு ஊரின் விடைத்தாள்களையும் மறுநாள் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பின் வந்த கேள்விகளில் இசபெல் திணறிய இடத்தில் நாதன் தெளிவாகச் சொல்லியிருந்தான். நாதன் தடுமாறிய இடத்தை இசபெல் துல்லியமாக விளக்கியிருந்தாள். உடைந்த ஓட்டின் இரண்டு துண்டுகள் மாதிரி விளிம்பு விளிம்பாகப் பொருந்தின. மூன்று நாள் கேள்வி ஒன்றில் மட்டும் இருவருக்குமே பதில் இல்லை. நாதனும் அங்கே ‘தெரியாது’ என்றே சொல்லியிருந்தான்.

பல்கீஸ் தீர்ப்பைச் சுருக்கமாக எழுதினார். நீர்ப்பங்கு நிரலுக்கு அறிவோர் எண்ணிக்கை: ஒன்று.

“ரெண்டு பேர் இருக்காங்களே மேடம்?” என்றார் தவசிமுத்து.

“ரெண்டு உடம்பு இருக்கு. அறிவு ஒண்ணுதான். கலந்துபோன அறிவு.”

“அப்ப பதிவேட்டுல எத்தனன்னு போட?”

“நான் போட்டாச்சே” என்றார் பல்கீஸ்.

மூன்றாம் நாள் காலையில் நிரல் நின்றது. ஐந்து நாள் இருட்டுக்குப் பிறகு எல்லா ஊர்களிலும் கைவால்வுகளுக்கு எண்ணெய் போட்டுப் பராமரித்து வந்ததால் ஊர் காய்ந்துவிடவில்லை. ஆனாலும் இருநூற்றுப் பன்னிரண்டு தெருவுக்கு வால்வு திருப்ப நாற்பது பேர்தான் இருந்தார்கள். அணியில் எல்லோரையும் ஆளுக்கொரு வால்வுச் சாவியோடு தெருவில் இறக்கிவிட்டார் தவசிமுத்து. இசபெலை எஸ்தர் என்ற குழாய்ப் பணியாளரோடு சேர்த்தார். எஸ்தருக்கும் இசபெலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பழகிய ஐந்தாவது நிமிடத்திலேயே எஸ்தர் அவளை ‘வாட்டி, போட்டி’ என்று உரிமையோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

பதினொரு வருடமாக இசபெலுக்கு எழுபத்து மூன்று என்ற எண்ணாக மட்டும் தெரிந்த தெருவில் நாற்பது வீடுகளும் ஒரு வேப்பமரமும் இருந்தன. குழாய் உடைந்து நாலு நாள் தண்ணீர் வராத தெரு. இசபெல் வால்வைத் திறந்ததும் பெண்கள் குடங்களோடு கூடிவிட்டார்கள்.

“நீதானே அந்தத் தெரியாதுன்னு சொன்ன பொம்பள?” என்றாள் செய்தி கேள்விப்பட்டிருந்த ஒருத்தி.

“ஆமா.”

“தெரியும்னு சொல்லிட்டுப் போயிருக்க வேண்டியதுதான? எங்க நேரம்.”

இசபெல் வால்வின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு நாள் பாக்கியையும் கொடுத்துவிட வேண்டும் என்று வால்வை நன்றாகத் திறந்து வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் எஸ்தர் வந்து அவள் கையைத் தட்டிவிட்டு வால்வை மூடினாள்.

“என்னட்டி செய்த? சாக்கடையப் பாரு.”

சாக்கடையில் நல்ல தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் குடம், வாளி, தொட்டி எல்லாம் நிறைந்து வழிந்துவிட்டன.

“நாலு நாள் வரலன்னா வீட்டுல குடம் நாலு மடங்கா ஆயிருமா? இருக்குற குடம்தான் இருக்கும். நீ இங்க விடுத தண்ணியில அடுத்த தெரு காயுது.”

இசபெல் அந்த வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள். வீடுகளில் சேர்த்து வைக்க முடிகிற தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் இல்லை. அதற்கு மேற்பட்ட குறையைத் திருப்பிக் கொடுக்க இடமே கிடையாது. நிரல் மறக்கவில்லை, குடங்களை எண்ணியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இதை உடனே நாதனிடம் சொல்ல வேண்டும் என்று கை காதுக்குப் போனது. ஒலிக்குமிழ் அங்கே இல்லை.

சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. எப்போதோ எழுதி வைத்து யாரும் கண்டுகொள்ளாத பிரிவு. ஒரு நிரலுக்கு ஒரே அறிவோர் மிஞ்சினால், அவர் அந்த நிரல் ஓடும் ஊரிலேயே இருந்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து முடிக்கும்வரை வெளியேறக் கூடாது. இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரே அறிவோர். எனவே நாதன் தூத்துக்குடிக்கு வந்தே ஆக வேண்டும்.

பேருந்து நிலையத்தில் அவனை அவள் முதலில் அடையாளம் காணவில்லை. படத்தில் இருந்த மீசை இல்லை. அவள் நினைத்ததைவிடக் குட்டை. கொளுத்தும் வெயிலில் கையில் குடை. இடது காதுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு. படத்தில் அது விழவில்லை.

“வாங்க” என்றாள்.

“ம்” என்றான். எந்த வகை ‘ம்’ என்று அவளால் சொல்ல முடியவில்லை. முகம் குறுக்கே நின்றது.

அலுவலகத்தில் கோமதிக்கு எதிரே இருவரும் உட்கார்ந்தபோது பேச்சு வரவே இல்லை. அவள் அவனைப் பார்த்தால் அவன் மேஜையைப் பார்த்தான். கடைசியில் நாதனே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இசபெலும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததும் பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவள் கண்டிப்பில் குறை வைக்கவில்லை.

“மாமியார், கல்யாண வீடு எல்லாம் இனி கிடையாது. பேரச் சொல்லாம விஷயத்தச் சொல்லுங்க.”

பெயர்களை எடுத்ததும் பல இடங்களில் இருவரும் திக்கினார்கள். மூன்றாம் நாள் அந்த மறதிப் பகுதி வந்தது. இசபெல் குடக் கதையைச் சொன்னாள்.

“அப்ப பழைய பசி வாக்கியம் சரிதான். நீங்க அத எங்க கண்டுபிடிச்சீங்க?” என்றான் நாதன்.

“நானா? நீங்கல்லா சொன்னது!”

“நான் உங்ககிட்ட இருந்துதான எடுத்தேன்.”

“இல்ல நாதன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நீங்கதான்.”

“எனக்கும் நல்லாத்தான் ஞாபகம் இருக்கு.”

பதினொரு வருடத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் சண்டை அது. குரல் ஏறியது. இருவரும் தங்களை அறியாமலே நாற்காலியைத் திருப்பி முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி எழுந்து போய்ப் பழைய பதிவுகளைத் தேடினாள். முதல் வருடம், இரண்டாம் மாதத்துப் பதிவு அகப்பட்டது. இளமையான நாதனின் குரல் திரையிலிருந்து எதையோ படித்துக் காட்டியது: ‘பழைய பசிக்கு இன்றைய சோறு பயன்படாது.’ இளமையான இசபெலின் குரல், ‘நல்லா இருக்கே! யாரு எழுதுனது?’ என்றது. ‘எழுதிதான். நிரலோட குடுத்த விளக்கம்’ என்றான் நாதன். இருவரும் சிரித்தார்கள். அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள்.

ஐந்து நாள் இருட்டுக்கு முன் கையெழுத்துப் போட்டவர்கள் செய்ததையேதான் இவர்களும் செய்திருந்தார்கள். இயந்திரம் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, மற்றவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள். முகம் பார்க்கக் கூடாது என்று வைத்த சட்டத்தாலும் அந்தத் தலையாட்டலைத் தடுக்க முடியவில்லை.

“சரி, முதல்லேருந்து வருவோம்” என்றான் நாதன்.

பதினேழாம் நாள் கோமதி தேர்வில் தேறினாள். பல்கீஸ் மீண்டும் வந்திருந்தார். இன்னும் ஒருவர் வேண்டும். இசபெலைத் தனியாகவும் நாதனைத் தனியாகவும் மறுபடி கேட்டார். ஒரே கேள்விக்கு இருவரும் வெவ்வேறு வழியில் போய்ச் சரியான பதிலுக்கு வந்தார்கள். ஓரிடத்தில் நாதன் சொன்னதை இசபெல் தப்பு என்று மறுத்தாள். பல்கீஸுக்கு அந்த மறுப்பு ரொம்பப் பிடித்துவிட்டது என்று பென்சில் ஓடிய வேகத்திலேயே தெரிந்தது.

“இப்ப ரெண்டு பேராத்தான் இருக்கீங்க” என்றார். “ஆனா ஒரு தரம் கலந்த அறிவு மறுபடி கலக்கும். இந்த நிரலுக்கு இனி உங்கள்ல ஒருத்தர்தான் இருக்க முடியும். இருக்குறவர் விலகுறவர்கிட்ட நிரலப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது ஆயுசுக்கும்.” நோட்டிலிருந்து தலை தூக்காமலே சேர்த்துச் சொன்னார்: “விலகுறவருக்குத் தூர விதி கிடையாது. அவங்க யார்கூடயும், எந்த ஊர்லயும் இருந்துக்கிடலாம்.”

தவசிமுத்து கூரையைப் பார்த்தார்.

“நான் விலகுதேன்” என்றான் நாதன் உடனே. “உங்களுக்குத்தான் இந்த நிரல் மேல பிரியம்.”

அது மெய். அவள் விலகினால்? அடுத்த மாதமே ‘எழுதி’ நிரலைத் திருத்தும். ஆறு மாதத்தில் அவள் அறிந்ததெல்லாம் பழைய செய்தித்தாளாகிவிடும். அவள் மனத்தில் பதினொரு வருடமாகத் தினமும் விளக்கேற்றிப் பார்த்த வீடு இருட்டாகப் போகும். ஆனால் வேப்பமரத் தெருவின் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடியதும் கண்ணில் நின்றது. இன்னும் இருநூற்றுப் பதினோரு தெரு இருக்கிறது.

“கோமதிக்குப் பிள்ளைகள் இங்க படிக்குது. அவ ஊர விட்டுப் போக முடியாது. ரெண்டாவது ஆளு அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கணும். நீங்கதான் ஏற்கெனவே தள்ளி இருக்கீங்க” என்றாள். “எனக்குக் குழாயப் பாக்கணும்னு ஆசையா இருக்கு நாதன். எஸ்தர் ஆளு தேடுதா.”

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாளில் நிரல் மீண்டும் ஓடியது.

பதினொரு வருடத்தில் அவள் எடுக்காத விடுப்பு மலைபோலக் குவிந்து கிடந்தது. எஸ்தரிடம் சேருவதற்கு முன் அதில் இரண்டு வாரத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நாதனும் அவளும் தென்காசி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒரே வண்டி. யாரும் வந்து தடுக்கவில்லை.

வல்லநாடு தாண்டியதும் நாதன், “அந்தப் பதினாலாம் பகுதியில...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளும் வெளியே பார்க்கத் திரும்பினாள். அதன்பின் திருநெல்வேலிவரை இருவரும் வாய் திறக்கவில்லை. எதைப் பேசுவது? அவர்களுக்கென்று இருந்த ஒரே பேச்சை அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இந்த மனிதன் இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்வானா, சாம்பாரா என்றுகூடத் தெரியாமல் அவனுடைய ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே, எதுவும் தெரியாது என்பதில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது.

“காதுக்குக் கீழ என்ன தழும்பு?” என்று கேட்டாள்.

“அதுவா? பலாமரத்துலேருந்து விழுந்தது.”

“எப்ப?”

“அது பெரிய கதைல்லா” என்று நாதன் குடையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

அவன் அதை ஓர் ஒழுங்கில் சொல்லவில்லை. தம்பியிடம் ஆரம்பித்து, ஒரு ஆட்டுக்குட்டிக்குப் போய், அங்கிருந்து கணக்கு வாத்தியார் வீட்டுக் கிணற்றுக்குத் தாவினான். நடுவில் வந்த தங்கராசு யார் என்று விளங்கவில்லை. ஆட்டுக்குட்டி யாருடையது என்பது இரண்டு தரம் மாறியது. எத்தனையோ இடத்தில் அவளால் குறுக்கிட்டுக் கேட்டிருக்க முடியும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவன் போகிற போக்கில் போகவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆலங்குளம் வந்தது, போனது. பாவூர்சத்திரத்தில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கி ஏறி, சாரல் காற்று ஜன்னல் வழியே உள்ளே வந்தபோதும் அவன் இன்னும் மரத்தில் ஏறவே இல்லை.